யானையின் துதிக்கைக்கு ஒரு சங்கிலி: மந்திர ஜபத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோயில் யானை கடைவீதியில் நடந்து வரும்போது அதன் துதிக்கையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நொடி சும்மா இருக்காது. பழக்கடையில் ஒரு வாழைப்பழம், பூக்கடையில் ஒரு சரம் என்று எதையாவது எட்டிப் பிடித்துக்கொண்டே வரும். அதே துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால், யானை அதைப் பற்றிக்கொண்டு வேறெதையும் தொடாமல் நேரே போய்விடும். மனத்தையும் அப்படி ஒரு நாமத்திலோ ரூபத்திலோ பழக்கினால் அதையே பற்றிக்கொண்டிருக்கும் என்று ரமண மகரிஷி சொல்லியிருக்கிறார். ஜபத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. துதிக்கையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை அவர். அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறார்.

"தியானம் எனக்கு வராதுங்க, கண்ணை மூடினால்தான் எல்லாக் கவலையும் வரிசைகட்டி வருகிறது" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் வராந்தா நாற்காலியில் விழித்தே பழகி, அவர் குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குத் தூக்கம் திரும்பவில்லை. மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள், கவனித்தேன். மூச்சு முட்டுவதுபோல இருந்தது. எண்ணங்களைச் சும்மா பாருங்கள் என்றார்கள், பார்த்தேன். எண்ணங்கள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டன. கடைசியில் கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைதான், மடியில் ஒரு உருத்திராட்ச மாலையைப் போட்டு, "பேசாம இதை உருட்டு" என்றாள். அவளிடம் கற்றதும், அதன் பிறகு நானாகத் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதும் கீழே.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம். கவலை பெரும்பாலும் சொற்களாகத்தான் வருகிறது. "நாளைக்கு அவரிடம் என்ன சொல்வது, பணத்துக்கு என்ன செய்வது, அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினேன்" என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலுக்கு ஒரே சமயத்தில் இரண்டு வசனம் பேச வராது. அதற்கு நாமாக ஒரு சொல்லைக் கொடுத்தால், அதைச் சொல்லும் வரை மற்றப் பேச்சு தடைபடுகிறது. இது முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் மூச்சு. ஒரு மந்திரத்தை நிதானமாக, ஒரு மூச்சுக்கு ஒரு முறை சொன்னால் மூச்சு தானாக நீள்கிறது. 2001-இல் இத்தாலியின் பவியா நகரில் லூசியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் ஆரோக்கியமான 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கத்தோலிக்கச் செபமாலையின் 'அருள் நிறைந்த மரியே'யை லத்தீனிலும், பௌத்தர்களின் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லச் சொல்லி, மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற கணக்குக்கு வந்து நின்றது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்பத் துடிப்பைச் சரிசெய்யும் உடலின் அமைப்பும் அந்த வேகத்தில் இன்னும் நன்றாக இயங்கியது. இரண்டு வெவ்வேறு மதங்கள், வெவ்வேறு மொழிகள். மூச்சு மட்டும் ஒரே தாளத்துக்கு வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உங்கள் கையிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, இன்னும் மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவாகவும், விடும்போது சற்று நிதானமாகவும் பலருக்குத் தெரியும். ஜபம் சொல்வது மூச்சை விடும் நேரத்தில்தான். அதனால்தான் வாய் சொல்லச் சொல்ல நெஞ்சு இறங்குகிறது.

எந்த மந்திரம்?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பல பேர் ஒரு மாதம் இதிலேயே கழித்துவிட்டு, ஜபத்தைத் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நான் சொல்வது: சின்ன வயதில் பயந்தபோது உங்கள் வாயில் தானாக வந்த பெயர் எது? தடுக்கி விழும்போது 'முருகா' என்றீர்களா, 'அம்மா தாயே' என்றீர்களா, 'நாராயணா' என்றீர்களா? அதுதான் உங்கள் மந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏற்கனவே உடம்பில் ஊறிய பெயரைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சைவக் குடும்பங்களில் 'ஓம் நமசிவாய', முருகனைக் கும்பிடுபவர்களுக்கு 'ஓம் சரவணபவ', பெருமாள் பக்தர்களுக்கு 'ஓம் நமோ நாராயணாய', அம்மனுக்கு 'ஓம் சக்தி'. ஐந்தெழுத்து, ஆறெழுத்து, எட்டெழுத்து என்று தமிழ்நாட்டில் எழுத்துக் கணக்கிலேயே பேர் வைத்துவிட்டார்கள். எட்டெழுத்தின் பொருளைத் திருக்கோஷ்டியூர் நம்பி என்ற குருவிடம் கேட்டுப் பெற ராமானுசர் பதினெட்டு முறை நடந்தார், பெற்றதும் கோயிலின் மேலேறி எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. திருக்கோஷ்டியூர் போகிறவர்கள் இன்றும் மேலே ஏறி அந்த இடத்தில் நின்று பார்க்கிறார்கள்.

சமஸ்கிருதம் நாக்கில் சரியாக வராது என்ற தயக்கம் உள்ளவர்களுக்கு, வள்ளலார் தந்தது இருக்கிறது: 'அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி.' சாதி, மதம் எதையும் கேட்காமல் எல்லாரும் சொல்லலாம் என்று கொடுக்கப்பட்டது. நீளமானதுதான்; ஆனால் ராகம் போட்டு இழுத்துச் சொல்லும்போது நான்கு துண்டுகளாக அழகாகப் பிரிந்துகொள்ளும். தைப்பூசத்துக்கு வடலூர் போனவர்கள் அந்த ராகத்தை மறக்க மாட்டார்கள்.

இந்துக்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. தொழுகை முடித்து தஸ்பீஹ் மணியில் 'சுப்ஹானல்லாஹ்' 33 முறை, 'அல்ஹம்துலில்லாஹ்' 33 முறை, 'அல்லாஹு அக்பர்' 34 முறை ஓதுபவர்களுக்கும், மாலையில் குடும்பமாக உட்கார்ந்து செபமாலை சொல்பவர்களுக்கும் நான் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, மூச்சோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் 'அமைதி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் தன் நோயாளிகளுக்கு 'ஒன்று' என்னும் ஆங்கிலச் சொல்லையே கொடுத்துப் பழக்கினார். அதுவும் பலன் தந்தது. எனக்கு மட்டும், அன்போடு சொல்ல முடிகிற ஒரு பெயர் இருந்தால் மனம் இன்னும் சீக்கிரம் திரும்பி வருகிறது என்று தோன்றுகிறது. வெறும் சொல்லிடம் யாரும் அழ முடியாது, பெயரிடம் அழலாம்.

தீட்சை வேண்டுமா? இறைவன் பெயரைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். 'ஹ்ரீம்', 'க்லீம்' போன்ற பீஜ (விதை) எழுத்துகள் சேர்ந்த மந்திரங்களைக் குருமுகமாக மட்டுமே பெற வேண்டும் என்பது மரபு. அந்த மரபை மதித்து நடப்பதே நல்லது என்று நினைக்கிறேன். யூடியூபில் "21 நாளில் பணம் கொட்டும் மந்திரம்" என்று வருவதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது மனம் அடங்குவது. அதற்கு எளிய ஒரு பெயர் தாராளமாகப் போதும்.

தேர்ந்தெடுத்ததை மூன்று மாதமாவது மாற்றாதீர்கள். நாலு இடத்தில் நாலடி தோண்டினால் தண்ணீர் வராது.

இடமும் உட்காரும் விதமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பூஜை அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஹாலின் ஒரு மூலை. தினமும் ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம். பிரம்ம முகூர்த்தத்தில் எழ முடிந்தால் மிகவும் நல்லது. முடியாதவர்கள் குளித்தவுடன், காபிக்கு முன்னால் உட்காரலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

தரையில் பாய் அல்லது தடுக்கு போட்டுச் சம்மணமிட்டு உட்காருங்கள். இடுப்பெலும்புக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை வைத்தால் முதுகு தானாக நிமிரும், முட்டி வலியும் குறையும். முட்டி ஒத்துழைக்கவில்லை என்றால் நாற்காலிதான். பாதம் இரண்டும் தரையில் படியட்டும், சாயாமல் உட்காருங்கள். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். சைலன்ட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது பக்கத்தில் இருக்கிறது என்பதே மனத்துக்கு ஒரு வாழைப்பழம்.

முதல் பத்து நாள்: வாய்விட்டுச் சொல்லுங்கள்

பலரும் எடுத்தவுடனே மனத்துக்குள் சொல்லத் தொடங்கி, இரண்டாவது நிமிடமே தொலைந்துபோகிறார்கள். நம் மரபில் ஜபத்துக்கு மூன்று படி உண்டு. மற்றவர் காதில் விழும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசையத் தனக்கே கேட்கும்படி சொல்வது உபாம்சு. உள்ளுக்குள் மட்டும் சொல்வது மானசம். மானசம்தான் உயர்ந்தது என்பார்கள், உண்மைதான். ஆனால் படி ஏறித்தானே மாடிக்குப் போக வேண்டும்?

அதனால் முதல் பத்து நாள் வாய்விட்டு. இப்படிச் செய்யுங்கள்.

உட்கார்ந்து, மூன்று முறை சும்மா மூச்சை இழுத்து விடுங்கள். தோள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டிருக்கும். பிறகு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, அதை விடும்போது, தாழ்ந்த குரலில், 'ஓம் நமசிவாய' என்று இழுத்துச் சொல்லுங்கள். ஓம் என்பதை உதட்டில் நிறுத்தாதீர்கள். 'ஓ' நெஞ்சிலிருந்து வரட்டும், 'ம்' வரும்போது உதடு மூடி, மூக்குத் தண்டும் உச்சந்தலையும் லேசாக அதிர்வது தெரிய வேண்டும். நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டால் அந்த அதிர்வு உள்ளங்கைக்கே வரும். முதல் நாள் எனக்கு அமைதி கிடைத்தது மந்திரத்தின் பொருளால் அல்ல, அந்த அதிர்வால்தான். தொண்டைக்குழியில் மாதக்கணக்காக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்ததுபோல இருந்தது.

சொல்லி முடித்ததும் உடனே அடுத்த மூச்சுக்குப் பாயாதீர்கள். ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் ஒன்றும் செய்ய வேண்டாம். அப்புறம் மூச்சு தானாக உள்ளே வரும்.

மொத்தமாக ஒரு முறைக்கு ஏறத்தாழ பத்து வினாடி ஆகும். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஆறு. பத்து நிமிடத்தில் அறுபது. முதல் பத்து நாளுக்கு அது போதும். மூச்சை வலுக்கட்டாயமாக நீட்டாதீர்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ உங்கள் இயல்பான மூச்சுக்கே திரும்பி, சாதாரண வேகத்தில் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆரம்பத்திலிருந்தே இயல்பான வேகத்தில் சொல்வது நல்லது.

மாலை உருட்டுவது

பதினோராம் நாள் மாலையை எடுங்கள். ஜபமாலையில் 108 மணிகளும், அவற்றுக்கு மேல் மேரு என்ற தலைமணி ஒன்றும் இருக்கும். சைவர்கள் உருத்திராட்சமும் வைணவர்கள் துளசி மணியும் வைத்திருப்பது வழக்கம். பெரிய கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஐந்து முக உருத்திராட்சமே போதும். விலை கூடிய அபூர்வ முகங்களைத் தேடிப் போக வேண்டாம். அந்த வியாபாரத்தில் போலி அதிகம்.

வலது கையின் நடுவிரல்மேல் மாலையைத் தொங்கவிட்டு, மேருவுக்கு அடுத்த மணியிலிருந்து தொடங்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்களை நோக்கித் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் மாலையில் படாமல் விலகி இருக்கட்டும். ஒரு மந்திரம், ஒரு மணி. 108 முடிந்து மேரு வந்ததும் அதைத் தாண்டக் கூடாது; மாலையைத் திருப்பிப்போட்டு வந்த வழியே போக வேண்டும். ஏன் தாண்டக் கூடாது என்று அத்தையிடம் கேட்டேன். "சுத்திக்கிட்டே போனா எங்க தொடங்கினோம்னு தெரியாது பாரு, அதான்" என்றாள். சாத்திரம் வேறு காரணம் சொல்லலாம். எனக்கு இது பிடித்திருந்தது.

அத்தையின் மாலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடமாக உருண்டதில் மணிகளின் முள் எல்லாம் மழுங்கி, எண்ணெய் பூசினாற்போலப் பளபளவென்று இருக்கும். நூல் மூன்று முறை மாற்றியது. ஒரு தடவை அறுந்தபோது கட்டிலுக்கு அடியில் ஓடிப்போன ஒரு மணி கிடைக்கவே இல்லை. அதற்குப் பதில் வேறொரு மணி கோத்திருக்கிறாள், சற்றே சிவப்பாக, முள்ளோடு. ஒவ்வொரு சுற்றிலும் விரல் அந்த மணிக்கு வரும்போது லேசாகக் குத்தும். பாதி வந்துவிட்டோம் என்று அதிலேயே தெரிந்துகொள்வாளாம்.

மாலை இல்லையா? கைவிரல் இருக்கிறதே. கட்டைவிரலை விட்டுவிட்டால் மற்ற நான்கு விரல்களிலும் விரலுக்கு மூன்று கணு; மொத்தம் 12. வலது கையில் கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு 12 எண்ணி முடித்ததும் இடது கையில் ஒரு கணுவைத் தள்ளுங்கள். இடது கையில் ஒன்பது ஆனால் 12 x 9 = 108. பேருந்தில், கியூவில், யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

பத்து வினாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் 108 சொல்ல 18 நிமிடம் ஆகும். காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காத நாளில் பாதி மாலை சொல்லுங்கள். ஆறு நிமிடத்தில் 108-ஐ ஓட்டி முடிப்பதைவிடப் பாதி மாலையை நிதானமாகச் சொல்வது மேல். எண்ணிக்கையில் வெறி வந்துவிடக் கூடாது.

மனம் ஓடும்போது

இதுதான் முழு விஷயமும். இந்த ஒரு பகுதியை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

மனம் ஓடும். நிச்சயம் ஓடும். பத்தாவது மணியில் கேஸ் புக் செய்யவில்லை என்பது ஞாபகம் வரும். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரி, அங்கிருந்து போன வருடக் கல்யாணம், அங்கே யாரோ சொன்ன ஒரு வார்த்தை. விரல் மட்டும் மணியை உருட்டிக்கொண்டே இருக்கும். முப்பதாவது மணியில் திடுக்கென்று "அட, எங்கே இருக்கிறோம்?" என்று விழிப்பு வரும். அந்த இடத்தில்தான் புதியவர்கள் மனம் நொந்து, "எனக்கு இது லாயக்கில்லை" என்று எழுந்துவிடுகிறார்கள்.

நானும் அத்தையிடம் போய் அதைத்தான் சொன்னேன். "உட்கார்ந்தா மனசு எங்கயோ போயிடுது அத்தை." அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "போயிடுச்சுன்னு தெரிஞ்சுதா இல்லையாடி?" "தெரிஞ்சுது." "தெரிஞ்சுதுன்னா வந்துட்டேன்னுதானே அர்த்தம்? அடுத்த மணியத் தள்ளு."

அவ்வளவுதான். ஓடியதைக் கவனித்த அந்த நொடியிலேயே நீங்கள் திரும்பி வந்தாயிற்று. உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், ஓடிய எண்ணத்தை ஆராய வேண்டாம், விட்டுப்போன மணிகளை மறுபடி எண்ண வேண்டாம். கையில் இருக்கிற மணியில், அடுத்த மூச்சில், பெயரைச் சொல்லுங்கள். ஒரு மாலையில் இருபது முறை ஓடி இருபது முறை திரும்பினீர்கள் என்றால் அது கெட்ட ஜபம் அல்ல. இருபது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். ஜிம்முக்குப் போகிறவர் எடையைத் தூக்குவதுபோல, இங்கே தூக்குவது இந்தத் திரும்பி வருதலைத்தான். ஓடவே ஓடாத மனத்துக்கு ஜபம் எதற்கு?

ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து படுத்தினால், அன்றைக்கு மறுபடி வாய்விட்டுச் சொல்லுங்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து எழுதத் தொடங்குங்கள். நம் பாட்டிமார்கள் ஸ்ரீராமஜெயம் எழுதி, அந்தத் தாளைச் சுருட்டி மாலையாகக் கட்டி ஆஞ்சநேயருக்குப் போட்டார்களே, அது லிகித ஜபம். கை, கண், மனம் மூன்றும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருப்பதால் அலைபாய்கிற நாளுக்கு அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது.

உள்ளே இறங்குவது

வாய்விட்டுச் சொல்வது பழகியதும், அதே மாலையின் பின்பாதியை உதட்டசைவாக மாற்றுங்கள். சில வாரம் போகட்டும். பிறகு கடைசி இருபது மணியை மட்டும் மனத்துக்குள் சொல்லுங்கள். மந்திரம் மங்கினால் உதட்டுக்குத் திரும்புங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் பாதி நாள் அப்படித்தான்.

மானசம் பிடிபட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. கோடிக்கணக்கில் மந்திர ஜபம் செய்த பெரும் பண்டிதர் காவ்யகண்ட கணபதி முனி. 1907-இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் போய், இவ்வளவு ஜபித்தும் தவம் என்றால் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை என்று விழுந்தார். மந்திரத்தைச் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்பது அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். ரமண மகரிஷி என்ற பெயரைச் சூட்டியதே இந்தக் கணபதி முனிதான். ஆரம்பத்திலேயே இதைச் செய்ய முயலாதீர்கள், வீண் குழப்பம் வரும். என்றாவது ஒரு நாள், மாலையின் முடிவில் எல்லாம் தணிந்திருக்கும்போது, சொல்லுக்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள்.

கேட்கப்படும் சில சந்தேகங்கள்

தூக்கம் வருகிறது. முகம் கழுவிவிட்டு வாருங்கள், கண்ணைப் பாதி திறந்து விளக்கைப் பாருங்கள். அப்படியும் தினமும் தூக்கம் வந்தால் உங்களுக்கு ராத்தூக்கம் போதவில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கால் மரத்துப்போகிறது. நீட்டிக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அழுகை வருகிறது. எனக்கும் மூன்றாவது வாரம் வந்தது, காரணமே தெரியவில்லை. வரட்டும். அழுதுகொண்டே பெயரைச் சொல்லலாம்.

மாதவிலக்கு நாட்களில் சொல்லலாமா? பெண்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. மாலையைத் தொடுவதும் பூஜை அறைக்குப் போவதும் உங்கள் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும். மனத்துக்குள் பெயர் சொல்ல எந்த நாளும் தடையில்லை என்று என் அத்தை உறுதியாகச் சொன்னாள். உடம்பும் மனமும் தவிக்கிற நாளில்தானே அது அதிகம் வேண்டியிருக்கிறது?

நடுவில் நான்கு நாள் விட்டுப்போயிற்று. ஐந்தாவது நாள் உட்காருங்கள். விட்ட கணக்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் எழுந்து உட்காராதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள். மல்லாந்து படுத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூச்சை விடும்போது மட்டும் மனத்துக்குள் பெயரைச் சொல்லுங்கள். எண்ண வேண்டாம். தூங்குவதற்காகச் சொல்கிறோம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். அந்த அவசரமே தூக்கத்தை விரட்டும். ஸ்கேன் அறைக்கு வெளியே, நேர்காணலுக்கு முன்னால், பிள்ளை வீடு திரும்பத் தாமதமாகும் மாலையில், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஆனால் தினமும் காலையில் உட்கார்ந்து பழகியவருக்குத்தான் அந்த நேரத்தில் அது கைகொடுக்கும். நெருக்கடி வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

இதையும் சொல்லிவிட வேண்டும். ஜபம் மருந்துக்குப் பதில் இல்லை. பல வாரமாகச் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் பிடிக்கவில்லை, நெஞ்சு படபடத்துத் திடீர் பீதி வருகிறது, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலை இருந்தால், தயவுசெய்து மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாப்பிடுகிற மாத்திரையை ஜபத்தை நம்பி நிறுத்தாதீர்கள். ஜபத்தால் மனம் அடங்குவதற்குப் பதில் கலவரம் கூடினாலோ, காதில் குரல்கள் கேட்டாலோ, அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பலன் எப்போது தெரியும் என்று கேட்டால், நாள் கணக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும்போது தெரிவதைவிட எழுந்த பிறகுதான் தெரியும். எனக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. பள்ளிக்குப் பிள்ளைகளைக் கிளப்பும் நேரம், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் யார்மேலாவது ஒரு சத்தம் போட்டிருப்பேன். அன்று கரித்துணியை எடுக்கக் குனியும்போது, திட்டு வருவதற்கு முன்னால் உள்ளே பெயர் வந்திருந்தது. நான் சொல்லவில்லை, தானாக வந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த பாலில் இரண்டு டம்ளர் காபி கலந்து, ஒன்றை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.